தெரியாமல் கலக்கும் பவுடர் வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. தினம் ஒரு பாக்கெட் சிகரெட். வீசிங்குக்கு டெரிஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் "விட்டுடுங்க" என்றதோடு சரி. சாப்பாட்டில் தெரியாமல் கலந்தால் விட்டுவிடுவார் என்று ஒருவர் பவுடர் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் பழக்கத்தை நிறுத்தும் மருந்து எதுவும் கிடையாது. "ரெண்டாவது கோர்ஸும் எடுத்தாதான் பலன்" என்று மாதாமாதம் கறப்பார்கள். இ-சிகரெட்டுக்கு மாறச் சொல்லும் ஆசாமிகளும் உண்டு. இந்தியாவில் அதன் விற்பனைக்கு 2019-லேயே தடை வந்துவிட்டது.

டாக்டர் சொன்னது வீண் அல்ல. 3 நிமிடம் முறையாகப் பேசினாலே சிலர் விடுகிறார்கள். ஆனால் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், எந்தத் தேதியில் நிறுத்துவது, மறுபடி எப்போது வருவது என்றும் கேட்டிருக்க வேண்டும். ஒரு காலை ஓபியில் எண்பது சீட்டைத் தள்ளச் சொன்னால் யார் கேட்பார்கள்? பிரஷர் எழுதச் சீட்டில் இடமுண்டு, புகைக்கு இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த மூன்றுக்கும் பதிலை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால், சிகரெட் தவிப்பைத் தணிக்கும் நிக்கோட்டின் சூயிங்கம் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. போதும். அதை விடாமல் மெல்லக் கூடாது; சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். டீ குடித்தால் கால் மணி நேரம் கழித்துப் போடட்டும்.

நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று, அந்த டெரிஃபிலின். புகை உள்ளே போகும்வரை ஈரல் அந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடும். புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். குமட்டும், படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்து நீங்களே கடைக்கு ஓடி ஒன்று வாங்கிக் கொடுப்பீர்கள்! நிக்கோட்டின் அல்ல, புகைதான் காரணம். அதனால் சூயிங்கம் போட்டாலும் இது நடக்கும். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அவர் குறைப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மறுபடி புகைக்க ஆரம்பித்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அளவு திரும்ப மாறும்.

சிகரெட் பாக்கெட்டிலேயே, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கும். தமிழிலும் பேசுவார்கள். அப்பாவே கூப்பிடட்டும்.