மலைப்பாதை: வாசகர் கேள்வி – பதில்

? ஜூனில் மகள் வீட்டுக்குப் பிரான்ஸ் போகிறோம். கிளெர்மோன் ஃபெரான் நகரத்துக்குப் பக்கத்தில் புய் தெ தோம் மலையில் ஏறலாம் என்கிறாள். அதன் உச்சியே 1,465 மீட்டர்தானாம். ‘கோத்தகிரிக்காரனுக்கு அதெல்லாம் மேடா?’ என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சரிதானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். அந்த வரைக்கும் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த உயரத்துக்கு உங்களை ஏற்றிவிட்டது பஸ். அங்கே சேசா கணவாயில் காரை நிறுத்திவிட்டு முலெத்தியே பாதையைப் பிடித்தால், சுமார் 2 கிலோமீட்டரில் 385 மீட்டர் ஏற வேண்டும். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு.

நேரத்துக்கு, 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இங்கே 24 நிமிடமும் 38 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நடந்து பழகிய கால்களுக்கான கணக்கு இது. ஐம்பது தாண்டியவர்கள் ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டரை காரிலேயே விட்டுவிடாதீர்கள். 100 மீட்டருக்கு 0.6 டிகிரி குறையும். நகரத்தைவிட உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். கீழே 28 என்றால் மேலே 21, 22. காற்று அடித்தால் இன்னும் குளிரும். கோடையில் பிற்பகலில் இடிமழை வரும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். கிராமக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரம் மூடிக்கிடக்கும். ரொட்டியும் தண்ணீரும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

இறங்குமுன் ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் பாதம் முன்னால் சறுக்கி, கட்டைவிரல் நகம் இடித்து இடித்துக் கறுத்துவிடும். முட்டி வலித்தால் கவலை வேண்டாம், கல்லாறு – குன்னூர் போலவே அங்கும் பல்சக்கர ரயில் உண்டு. 2012 முதல் ஓடுகிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வருவதற்குள் உப்பிப்போகிறதே, மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். அதை அளந்து காட்டிய மலை இந்தப் புய் தெ தோம். 1648 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே, காற்றழுத்தம் அளக்கும் பாதரசக் குழாயோடு இதில் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

? மொழி தெரியாத ஊரில் காட்டுப் பாதையில் வழி கண்டுபிடிப்பது எப்படி?
– ஒரு வாசகர், குன்னூர்

பிரான்ஸில் மரத்திலும் பாறையிலும் பெயின்ட் பட்டை இருக்கும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் நெடுந்தூரப் பாதை. மஞ்சள் ஒற்றைப் பட்டை, உள்ளூரில் சுற்றிவரும் பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. பேச்சு சுவாரஸ்யத்தில் திருப்பத்தைத் தவறவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. பத்து நிமிடம் நடந்தும் பட்டை கண்ணில் படவில்லையா? குறுக்கே புகாமல், கடைசியாகப் பார்த்த பட்டைக்கே திரும்புங்கள். மேய்ச்சல் நிலத்தில் படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். அவசர உதவிக்கு 112.

? அங்கேயும் நம்ம சோலைக்காடு மாதிரி அட்டை கடிக்குமா? உப்பு கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, ஊட்டி

உப்பு வேண்டாம், பயப்பட வேண்டியது உண்ணிக்கு. உயரமான புல்லில் உட்கார்ந்திருக்கும். முழுக்கால் பேன்ட் போட்டு, நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி இருந்த இடமெல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவதோ தீக்குச்சியால் சுடுவதோ கூடாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்து எடுத்துவிட்டு, கிருமிநாசினி தடவுங்கள். ஒரு மாதத்துக்குள் கடிவாயைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால், ஊர் திரும்பிவிட்டாலும் டாக்டரிடம் ‘பிரான்ஸில் உண்ணி கடித்தது’ என்று சொல்லியே காட்டுங்கள்.