ஆயில் பெயின்டிங்கில் அடுத்த அடுக்கை எப்போது ஏற்றலாம்?

கேள்வி: பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பல வருடம் அக்ரிலிக்கில் வரைந்துவிட்டு இப்போது ஆயிலுக்கு மாறியிருக்கிறேன். பழைய ஐரோப்பிய ஓவியர்களைப் போல அடுக்கடுக்காக கிளேஸ் (அடி நிறம் ஊடுருவித் தெரியும் மெல்லிய வண்ணப் பூச்சு) கொடுத்து வரைந்து பார்க்கிறேன். மேல் அடுக்கைத் தடவும்போது அடி நிறம் கரைந்து வந்துவிடுகிறது. காய்ந்த பிறகு படம் ஓரிடத்தில் பளபளவென்றும் ஓரிடத்தில் சாம்பல் பூத்தது போலவும் இருக்கிறது. கேன்வாஸ் முழுக்கக் கறுப்பு பூசி அதன்மேல் வரைந்த ஒரு முகத்தில், சில மாதங்களிலேயே கன்னத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஒவ்வோர் அடுக்குக்கும் எத்தனை நாள் விட வேண்டும்? ஹார்டுவேர் கடை லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனும் போதுமா?

பதில்: இத்தனை நாள் என்று ஒரு கணக்கு சொல்லிவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்தக் கணக்கை நம்பித்தான் பலர் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாகிவிட்டால் காய்ந்த மாதிரிதான். ஆயிலில் ஆவியாகப் போவது நீங்கள் கலந்த டர்பன்டைன் மட்டும். லின்சீட் எண்ணெய் எங்கும் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இறுகுகிறது. காற்று படுவது மேற்பரப்பில்தானே? அதனால் பாலில் ஆடை கட்டுவது போல மேலே தோல் இறுகிவிடும், அடியில் இளகலாகவே இருக்கும். விரலில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் விரிசலுக்குக் காரணம் இதுதான். ஐவரி பிளாக் என்கிற கறுப்பு எண்ணெயை நிறையக் குடிக்கிற நிறம், காய்வதிலும் சோம்பேறி. அதைக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, அதன்மேல் முகத்துக்கு வெள்ளை கலந்த நிறத்தை டர்பன்டைன் விட்டு மெலிதாக ஏற்றியிருப்பீர்கள். மேலே போட்டது சீக்கிரம் இறுகிவிட்டது. கீழே இருந்த கறுப்பு பல வாரம் அசைந்துகொண்டே இருந்தது. அசைகிற தரையின் மேல் இறுகிய தோல் வேறென்ன செய்யும், விட்டுப் போகும். வெள்ளை டியூபின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். நிறமிக் குறியீடு பிடபிள்யூ 4 (PW4) என்று போட்டிருந்தால் அது சிங்க் வைட். காலப்போக்கில் ரொம்பவும் நொறுங்கும் தன்மை கொண்டது, அடுக்குகளுக்கு நடுவே வேண்டவே வேண்டாம். டைட்டானியம் என்றால் பிடபிள்யூ 6 என்றிருக்கும். சில டியூபில் இரண்டும் கலந்திருக்கும்.

இருண்ட பின்னணி வேண்டுமென்றால் பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து பூசுங்கள். கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும். அம்பரில் இயற்கையாகவே மாங்கனீஸ் இருக்கிறது, அது எண்ணெயைச் சீக்கிரம் இறுக்கிவிடும். மெலிதாகப் பூசிய அம்பர் நம் ஊர் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் தயாராகிவிடும். அதே அறையில் ஐவரி பிளாக், கேட்மியம் வகைகள், அலிசரின் எல்லாம் ஒரு வாரம், பத்து நாள் என்று இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். உங்கள் அறைக்கு எது எத்தனை நாள் என்று தெரிய வேண்டுமானால், கெஸ்ஸோ (வரையும் முன் போடும் வெள்ளை அடிப்பூச்சு) பூசிய அட்டை ஒன்றில் உங்களிடம் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் விரல் அகலத்துக்குத் தடவி, தேதி எழுதி மாட்டிவிடுங்கள். ஒன்றில் பாதியை மெலிதாகவும் பாதியைக் கெட்டியாகவும் தடவினால் இன்னும் நல்லது. எந்தப் புத்தகத்தையும்விட அந்த அட்டை உங்களுக்கு உதவும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கட்டைவிரலை மெல்ல அழுத்தி லேசாகத் திருகுங்கள். தோல் நகர்ந்தாலோ சுருங்கினாலோ விட்டுவிடுங்கள். பிறகு, ஃபிரேமுக்குள் மறையப்போகும் ஓரத்தில் டர்பன்டைன் தொட்ட பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அடுத்த அடுக்குக்கு நேரம் வரவில்லை. அடி நிறம் கரைந்து வருகிறது என்றீர்களே, அதற்கு அவசரம் பாதிக் காரணம். மீதி, கிளேஸில் டர்பன்டைன் அதிகம், தூரிகை முரடு. பன்றிமயிர் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால் நன்றாகக் காய்ந்த அடுக்கும் சில நேரம் கரையும். கிளேஸுக்கு மென்மையான அகலத் தூரிகைதான் சரி.

ஃபேட் ஓவர் லீன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்பதுதான் அது. முதல் அடுக்குக்கு டியூப் பெயின்ட்டும் கொஞ்சம் டர்பன்டைனும் போதும். இரண்டாவதற்கு டியூப்பில் இருப்பதை அப்படியே எடுங்கள். கிளேஸுக்கு வரும்போது ஒரு பங்கு ஸ்டாண்ட் ஆயில் (சூடாக்கிக் கெட்டியாக்கிய லின்சீட்), இரண்டு பங்கு டர்பன்டைன் கலந்து, அதிலும் சொட்டுக் கணக்கில் சேருங்கள். எண்ணெய் அதிகமானால் சுருக்கம் விழும், மஞ்சளிக்கும். அவசரமென்றால் பெயின்ட்டோடு கலக்கும் லிக்வின் போன்ற ஆல்கிட் மீடியம் உண்டு, மெலிதாகப் போட்டால் பெரும்பாலும் மறுநாளே அடுத்த வேலை பார்க்கலாம். அதைத் தொட்டால் அதன் மேலுள்ள அடுக்குகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள். வார்னிஷ், மெழுகு, தார் என்று கண்டதைக் கலந்து 'ரகசிய மீடியம்' தயாரிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். லண்டன் ராயல் அகாடமியின் முதல் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அப்படிக் கலந்து பார்த்தவர்தான். அவர் படங்கள் பலவற்றில் பாளம் பாளமாக விரிசல்.

எத்தனை அடுக்கு போடலாம் என்பதில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. மோனலிசா உட்பட பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள டாவின்சி ஓவியங்கள் ஏழை எக்ஸ்ரே கதிர் கொண்டு ஆராய்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முகத்தின் நிழல் பகுதியில் கிளேஸ்களின் மொத்தக் கனமே 30, 40 மைக்ரோமீட்டர் அளவுதான். ஒரு தலைமுடியின் பருமன்கூடத் தேறாது. எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மெலிதாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு மூன்று நான்கு அடுக்கு தாராளம்.

அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றை வைத்துப் பழகிப் பாருங்கள். கிளேஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். முதலில் மடிப்புகளின் நிழலை அம்பரில் மெலிதாகப் போட்டுக் காயவிடுங்கள். அடுத்து வெளிச்சம் விழும் மேடுகளை ஆரஞ்சு சாயலுள்ள கேட்மியம் சிவப்பும் வெள்ளையும் கலந்து எழுப்புங்கள். இந்தக் கட்டத்தில் புடவை அசிங்கமாக, வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். கிளேஸ் எப்போதும் இருட்டாக்கும், அதனால் அடி அடுக்கு நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி வெளிச்சமாகவே நிற்கட்டும். அது நன்றாகக் காய்ந்ததும் குவினாக்ரிடோன் சிவப்பைத் துளி மீடியத்தில் இளக்கி மொத்தப் புடவை மீதும் தடவுங்கள். உடனே பழைய பருத்தித் துணியைப் பந்தாக்கி, மேடுகளில் மட்டும் ஒற்றி ஒற்றி எடுங்கள். பள்ளங்களில் நிறம் தங்கும், மேடுகளில் அடிச் சிவப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். ஒளி அந்தக் கண்ணாடி அடுக்கைத் துளைத்துப் போய், கீழே வெளிர் நிறத்தில் பட்டுத் திரும்பி வருவதால் கிடைக்கும் ஆழம் அது. தட்டில் எவ்வளவு கலந்தாலும் அந்தச் சிவப்பு வராது. 15ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர்கள் வெர்மிலியன் என்கிற மூடி மறைக்கும் சிவப்பின் மேல், ஊடுருவித் தெரியும் சாயச் சிவப்பை ஏற்றியதும் இதே கணக்கில்தான். அலிசரின் கிரிம்சனும் இதே நிறம் தரும், ஆனால் மெலிதாகப் போட்டால் வெளிச்சத்தில் வெளிறிவிடும். பெர்மனென்ட் என்று போட்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள். டியூபில் ஒரு சின்னச் சதுரம் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே காலியாக இருந்தால் அந்த நிறம் ஊடுருவித் தெரியும், கிளேஸுக்கு ஏற்றது. முழுக்க அடைத்திருந்தால் அது மூடி மறைக்கிற நிறம்.

சாம்பல் பூத்த இடங்கள் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. கீழ் அடுக்கோ கேன்வாஸோ எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். விலை குறைந்த கேன்வாஸில் பிரைமர் பேருக்குத்தான் இருக்கும். மேலும் இரண்டு முறை கெஸ்ஸோ பூசி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். மங்கிய இடத்தில் மேற்கொண்டு வரையப் போகிறீர்கள் என்றால் மட்டும் லின்சீட்டும் டர்பன்டைனும் கலந்ததைத் துளி தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு வரையுங்கள். வேலை முடிந்த படமாக இருந்தால் அப்படியே விடுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்துப் போடும் வார்னிஷ் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். அதுவரை படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இருட்டில் லின்சீட் மஞ்சளிக்கும்.

ஹார்டுவேர் கடை லின்சீட், பெரும்பாலும் மரச்சாமான்களுக்கான டபுள் பாயில்டு. உலர்த்திகள் சேர்த்திருப்பார்கள், நிறமும் கறுத்துப் போகும். படத்துக்கு வேண்டாம். ஓவியக் கடையில் ரிஃபைன்டு லின்சீட் சின்ன பாட்டில் வாங்கினாலே பல மாதம் வரும். ஹார்டுவேர் கடை மினரல் டர்பன்டைனைத் தூரிகை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

விரிசல் விட்ட முகத்தின் மேல் வார்னிஷோ கிளேஸோ போட்டு மூடாதீர்கள், கீழே அசைவு நிற்காதவரை அது மறுபடி பிளக்கும். படத்தை டிரேஸ் எடுத்துக்கொண்டு புதுக் கேன்வாஸில் வரைவதுதான் வழி.

நீங்கள் கேட்காத ஒன்று: எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். லின்சீட் இறுகும்போது சூடு வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். மாடி அறையில் மதிய வெயில் நேரடியாக விழும் என்றால் இதில் அலட்சியமே கூடாது.