வீட்டிலேயே பூக்களை அழுத்திக் காயவைத்து வாழ்த்து அட்டை செய்ய நினைக்கிறேன். புத்தகத்துக்குள் வைத்தால் எல்லாம் பழுப்பாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஈரம் மெதுவாக வெளியேறுகிறது. பறித்த பிறகும் இதழுக்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். ஈரம் உள்ளவரை நிறத்தைக் கெடுத்துக்கொண்டும் இருக்கும். பூவைப் புத்தகத்தில் வைத்து மூடி, ஒரு மாதம் மறந்துவிடுவது சினிமாவுக்குத்தான் சரி.

தாவரவியல் படித்தவர்கள் கல்லூரியில் ஹெர்பேரியம், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிய தொகுப்பு, செய்திருப்பார்கள். நான் அட்டைகளுக்கும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறேன். ஒரு கட்டு பழைய செய்தித்தாள், இரண்டு பலகை, மேலே இரண்டு செங்கல், அவ்வளவுதான். வழவழப்பான வார இதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது. அச்சு மை ஒட்டாமலிருக்க, பூவுக்கு மேலும் கீழும் டிஷ்யூ தாள் வையுங்கள். புள்ளிப் புள்ளியாகப் புடைத்த டிஷ்யூ வேண்டாம். அந்தப் புள்ளிகள் அப்படியே இதழில் பதிந்துவிடும்.

மறுநாள் திறந்தால் செய்தித்தாள் நமுத்துப்போய், தொட்டால் சில்லென்று இருக்கும். அந்தத் தாளை அன்றே மாற்ற வேண்டும். பாதி பேர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் நான்கைந்து நாள் தினமும் மாற்றுங்கள். பூவைத் தொடாமல் டிஷ்யூவோடு தூக்கிப் புதுத் தாளில் வையுங்கள். மெல்லிய பூ ஒரு வாரத்திலேயே காய்ந்துவிடும், தடித்தது இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும்.

அவசரமென்றால் இஸ்திரிப் பெட்டி. நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே பூவை வைத்துப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி எடுத்து, ஆறவிட்டு மறுபடி அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, இதழ் மடங்கிவிடும்.

எந்தப் பூ என்பதும் முக்கியம். தொடங்குபவர்களுக்குக் காகிதப்பூதான் என் சிபாரிசு. நாம் இதழ் என்று நினைக்கும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதில், அதாவது பூவுக்கு அடியில் வரும் ஒருவகை இலை. அதில் ஈரம் குறைவு. சங்குப்பூவும் நன்றாக வரும். செம்பருத்தியில் வழவழப்பு அதிகம் என்பதால் தாளோடு ஒட்டிக்கொள்ளும், சிவப்பும் கருத்துவிடும். மல்லிகை எப்படியும் பழுப்பாகும், விட்டுவிடுங்கள். ரோஜா, சாமந்தியை முழுசாக அழுத்தினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். இதழ்களைத் தனித்தனியாக உலர்த்தி, அட்டையில் பூவாக அடுக்கி ஒட்டலாம். வாடாமல்லியை அழுத்தவே வேண்டாம், கொத்தாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும்.

பனி உலர்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில் பறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம்.

ஒட்டுவதற்கு ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, பல்குச்சியால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டு வைத்தால் போதும். ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) பதிப்பதாக இருந்தால் பூ சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் உள்ளேயே நிறம் மாறும். செய்த அட்டையை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், சீக்கிரம் வெளுத்துவிடும்.

மிச்சப் பூக்களில் பூச்சி வரும். ஹெர்பேரியத்தில் அதற்குப் பாதரசக் குளோரைடு தடவும் வழக்கம் இருந்தது. அது கடும் நஞ்சு, வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். காற்றுப் புகாத உறையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், உறை அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் நீர் கோத்து மறுபடி நமுத்துவிடும்.