மால்டாவின் பாதாளக் கல்லறை: கேள்வி பதில்

மீனா: மால்டாவில் தரைக்கடியில் பெரிய கல்லறை இருக்கிறதாமே, யார் கண்டுபிடித்தது?

ஹால் சஃப்லியெனி ஹைப்போஜியத்தைச் சொல்கிறீர்கள் (ஹைப்போஜியம் என்றால் நிலத்தடிக் கட்டடம்). 1902-இல் பாவ்லா ஊரில் புது வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டிய தொழிலாளர்கள் அதன் கூரையை உடைத்துவிட்டார்கள். விஷயத்தை முதலில் அமுக்கவும் பார்த்தார்கள். அகழாய்வைத் தொடங்கிய மானுவல் மக்ரி என்ற இயேசு சபைப் பாதிரியார் 1907-இல் துனிசியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளும் தொலைந்தன. எனக்கு அதில் தீராத வருத்தம். பின்னால் வந்த தொல்லியலாளர் தெமிஸ்டோக்கிள்ஸ் ஸம்மிட் எழுதிவைத்ததுதான் இன்று நமக்கு முக்கிய ஆதாரம்.

சரவணன்: 7000 பேரைப் புதைத்தார்கள் என்கிறார்களே, அவ்வளவு இடமா?

7000 என்பது மதிப்பீடு, தலை எண்ணிச் சொன்னதல்ல. மூன்று அடுக்குதான், ஆழம் 10 மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் ஆளுக்கொரு குழி என்று கணக்குப் போடாதீர்கள். கி.மு. 4000 முதல் 2500 வரை, ஏறக்குறைய 1500 ஆண்டுகள் புழங்கிய இடம் அது. வருடத்துக்கு ஐந்து பேர்கூட வராது. புதிதாக ஒருவரைக் கொண்டுவரும்போது பழைய எலும்புகளை ஒதுக்கி இடம் செய்தார்கள். அதனால்தான் முழு எலும்புக்கூடுகள் அபூர்வம். எல்லாம் கலந்து, செங்காவிப் பொடி படிந்து, மணிகளும் சிப்பிப் பொத்தான்களும் சிறு தாயத்துகளுமாகக் கிடந்தன. இறந்தவரைத் தனியாக வைப்பதைவிட முன்னோர் கூட்டத்தில் சேர்ப்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்துல்: இரும்பு இல்லாமல் எப்படிக் குடைந்தார்கள்?

இரும்பு என்ன, செம்புகூடக் கிடையாது. மான்கொம்பு, சிக்கிமுக்கிக் கல், எரிமலைக் கண்ணாடிக் கல், இவ்வளவுதான். கடைசியானது மால்டாவில் கிடைக்காது. லிபாரி, பான்டெல்லேரியா தீவுகளிலிருந்து கடல்வழி வந்தது. நல்லவேளை, பாறை மென்மையான சுண்ணாம்புக்கல். நடு அடுக்கைப் பாருங்கள்: தரைக்கு மேல் கல் அடுக்கிக் கட்டிய கோயில்களின் நிலைகளையும் உத்தரங்களையும் அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். பாரம் எதையும் தாங்காத உத்தரம்!

ஜெனி: பேசினால் அதிரும் அறை?

உண்மை, கனத்த ஆண்குரலுக்கு நன்றாகவே அதிரும். அதற்காகவே வெட்டினார்கள் என்பதற்குச் சான்று இல்லை.

கவிதா: போனால் பார்க்க முடியுமா?

நாளுக்கு 80 பேருக்குத்தான் அனுமதி, மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும். மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் கூரையிலுள்ள செங்காவிச் சுருள் ஓவியங்களைக் கெடுத்துவிடும். அப்புறம், அங்கே கிடைத்த புகழ்பெற்ற ‘உறங்கும் பெண்’ சிலை இப்போது அங்கே இல்லை, தலைநகர் வலெட்டாவில் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 12 செ.மீ.தான், படத்தைப் பார்த்துப் பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள்.