கொடைக் கச்சேரிக்குப் பேசிய பாடகர் மீது குடும்ப வன்முறை வழக்கு: கச்சேரியை ரத்து செய்யலாமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். அறநிலையத் துறையில் சேராத ஊர்க் கோயில்; 180 தலைக்கட்டு (குடும்பம்) வரி கட்டுகிறது. சித்திரைக் கொடைக்கு இன்னும் 3 வாரம்தான். கச்சேரிக்கு ஒரு மெல்லிசைக் குழுவை ஏஜென்ட் மூலம் 1,20,000 ரூபாய்க்குப் பேசி, தை மாதம் 40,000 அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்று அதில் இருக்கிறது. குழு புதுப் பெயரில் இருந்ததால் நோட்டீஸில் படம் வந்த பிறகுதான் பாடகர் யார் என்று தெரிந்தது. அவருடைய மனைவி எங்கள் ஊர்ப் பெண். முன்பு அவரோடு மேடையில் பாடியவள். அடி தாங்காமல் போன வருடம் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இடைக்கால உத்தரவு வாங்கியிருப்பதாகவும் சொல்கிறார்கள். அவள் வீடு மேடைக்கு அடுத்த தெரு. “எங்க வரிப் பணத்துல அவனுக்கு மேடையா?” என்று பெண்கள் கேட்கிறார்கள். “குற்றம் நிரூபணம் ஆகலையே, பாட்டு வேற, குடும்பம் வேற” என்கிறார்கள் இளைஞர்கள். ரத்து செய்தால் மானநஷ்ட வழக்கு என்று பாடகர் தரப்பு மிரட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: செயலாளர் அண்ணாச்சிக்கு வணக்கம். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஊர்க் கூட்டம் போட்டுப் பேசுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பாருங்கள். அந்த இடைக்கால உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் உங்கள் பிரச்சினையின் பாதி இருக்கிறது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் 18ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம். அடிக்கக் கூடாது என்பதோடு அது நிற்பதில்லை. அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்கோ, அவள் வழக்கமாகப் போய்வரும் இடத்துக்கோ வரக் கூடாது, எந்த வழியிலும் அவளைத் தொடர்புகொள்ள முயலக் கூடாது என்றும் தடை போட முடியும். அப்படியொரு வரி இருந்து, அதில் உங்கள் ஊரோ தெருவோ கோயிலோ அடங்கினால், அந்த மேடையில் அவர் கால் வைப்பதே உத்தரவை மீறுவதாகும். வெறும் தொடர்புத் தடை மட்டும் இருந்தாலும் சிக்கல்தான். அவள் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கும் ஒலிபெருக்கியில், அவள் பெயரைச் சொல்லி ஒரு பாட்டைச் சமர்ப்பிக்கிறேன் என்று அவர் ஆரம்பித்தால் அது என்ன? தொடர்புகொள்வதுதான். என் அனுபவத்தில், “திரும்பி வந்துவிடு” என்ற கெஞ்சல் ஊர் நடுவில் நடக்கும்போது, மறுநாள் காலையில் ஊரே அந்தப் பெண்ணைத்தான் சமாதானம் பேசக் கூப்பிடுகிறது.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. கொடை ராத்திரியில் மேடைக்குப் பின்னால் அது நடப்பதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

சரி, அட்வான்ஸ்? உத்தரவு அவரை அந்த இடத்துக்கு வரவிடாமல் தடுத்தால், சட்டப்படி செய்ய முடியாத காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உங்கள் பக்கம். தை மாதத்துக்கு முன்பே அந்த உத்தரவு அவர் கையில் இருந்து, அதை மறைத்து அவர் ஒப்புக்கொண்டிருந்தால், தன்னால் சட்டப்படி செய்ய முடியாது என்று தெரிந்தே வாக்குக் கொடுத்தவர் ஆகிறார். உங்களுக்கு அது தெரியாததால், அவர்தான் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும். தைக்குப் பிறகு உத்தரவு வந்திருந்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகிறது. அதே சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

உத்தரவில் அப்படி எதுவும் இல்லையென்றால் நிலைமை வேறு. மனு போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கச் சட்டபூர்வக் காரணம் ஆகாது. இடைக்கால உத்தரவு பெண்ணின் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் வைத்து, எதிர்த்தரப்பைக் கேட்காமலேகூட வரலாம். அதனால் அது குற்றத் தீர்ப்பு அல்ல. இதில் உங்கள் இளைஞர்கள் சொல்வது சரி. நீங்கள் ரத்து செய்தால் 40,000 ரூபாயைப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவர் கேட்டால், உண்மையில் என்ன நஷ்டம் என்று கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும். இப்போதே சொல்லிவிட்டால் அந்தத் தேதிக்கு வேறு ஊர்க் கச்சேரி பிடிக்க அவருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அவரைப் பாடவைத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஒருவரின் தனித் திறமையை நம்பி எழுதிய ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்றவைக்க முடியாது என்று குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 14ஆம் பிரிவே சொல்கிறது.

இளைஞர்களின் வாதத்தில் நான் ஏற்காத இடம் ஒன்று உண்டு. நிரூபணம் ஆகும் வரை குற்றமற்றவர் என்பது, அரசு ஒருவரை ஜெயிலில் போடுவதற்கு முன் தாண்ட வேண்டிய படி. உங்கள் ஊர் மேடை அவருக்குச் சேர வேண்டிய சொத்து என்று அதற்குப் பொருள் இல்லை. 2018இல் சென்னை மியூசிக் அகாடமி, பாலியல் தொல்லைப் புகார் எழுந்த 7 கலைஞர்களை அந்த டிசம்பர் விழாவிலிருந்து விலக்கியது. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அது வேறு வகைப் புகார். ஆனால் யாரை மேடையேற்றுவது என்று முடிவெடுக்கும் உரிமை தனியார் அமைப்புக்கு உண்டு என்பதில் வித்தியாசம் இல்லை. வெறும் வதந்திக்காக ஒருவர் பிழைப்பில் கை வைத்தால் அதை நானே எதிர்ப்பேன். இங்கே மனு இருக்கிறது, அடிபட்டவள் அடுத்த தெருவில் இருக்கிறாள்.

பெண்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் 180 தலைக்கட்டிலும் வெளியே சொல்லாதவர்கள் இருப்பார்கள். அன்று ராத்திரி யாருக்கு மாலை விழுகிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மானநஷ்ட மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம், வாயை மட்டும் கட்டுங்கள். கச்சேரியை ரத்து செய்வது அவதூறு ஆகாது. “பெண்டாட்டியை அடித்தவன்” என்று மைக்கிலோ ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ போடுவதுதான் ஆபத்து. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. “நிகழ்ச்சி மாற்றப்பட்டுள்ளது” என்று புது நோட்டீஸ் போதும். கோர்ட் உத்தரவைப் போட்டோ எடுத்துச் சுற்றுக்கு விடாதீர்கள். அது அவளுடைய காகிதம்.

ஒரு வழி யோசித்துப் பாருங்கள். குழுவில் கீபோர்டு, தபலா, டிரம்ஸ் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர் இல்லாமல் வேறு பாடகரை வைத்துக் குழு வருமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் பணப் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம், அவளிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், அவள் பேசவில்லை. அவள் முன்பு பாடியவள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மேடையைப் பற்றி ஊரே இரண்டுபட்டு நிற்கிறது. அவளுடைய மேடை போன வருடமே போய்விட்டது. பாட விருப்பமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள், வற்புறுத்தல் கூடாது.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். வருமானமே இல்லை என்று கணவன் கோர்ட்டில் கையை விரிப்பது நான் வாரந்தோறும் பார்ப்பது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓர் இரவுக்கு அவர் குழு 1,20,000 வாங்குகிறது என்பதற்கு உங்கள் ஒப்பந்தமும் ரசீதும் சாட்சி. கச்சேரி நடந்தாலும் நடக்காவிட்டாலும், அவளோ அவள் வக்கீலோ கேட்டால் நகல் கொடுங்கள்.

நாளைக்கே கமிட்டி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போகட்டும். ஆண்கள் கூட்டமாகப் போக வேண்டாம். அவள் சம்மதித்தால் உத்தரவைப் படித்துப் பாருங்கள். கையில் நகல் இல்லையென்றால் கோர்ட்டில் இலவசமாகவே தர வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடமும் உதவி கேட்கலாம். உத்தரவின் தேதியையும், தடை விதித்த வரிகளையும், உங்கள் ஒப்பந்தத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். பாடகர் தரப்புக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். அதுவரை மீதிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.