மஞ்சள் கார்னேஷன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மூன்று வாரத்துக்கு முன் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் ஊர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். முப்பதாம் நாள் ஸ்தோத்திர ஆராதனைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. ‘அன்பான கணவர், பாசமுள்ள தகப்பன், தேவபயமுள்ளவர்’ என்று எழுதியதோடு நிற்கிறது. போன வருஷம் சித்தப்பாவுக்கும் இதே வரியைத்தான் போட்டோம்.

அப்பாவுக்கு உயிரான, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசைமேதை செபாஸ்டியன் பாக்கை நீங்கள் ஒரு கட்டுரையில் ‘பக்தியுள்ள குடும்பஸ்தர்’ என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜமா, இல்லை இறந்தவர் எல்லோர் மேலும் அடிக்கிற வெள்ளையா? அப்பா கோபக்காரர். அண்ணனோடு ஆறு வருஷம் பேசவில்லை. அதை எங்கே வைப்பது? அவர் வேதாகமத்தின் கடைசி வெற்றுத் தாளில் எங்கள் ஸ்கூல் ஃபீஸ் கணக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகளும்தான் இருக்கின்றன. ஒரு வசனம்கூட இல்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள்.

பாக்கைப் பற்றிய அந்த வரியை எழுதியது நான்தான். இப்போது படித்தால் சோம்பல் தெரிகிறது. பாக் அப்படிப்பட்டவர் என்பதை இன்றும் நம்புகிறேன். ஆனால் கட்டுரையில் அதற்கு ஆதாரமாகக் காட்டியது தப்பு. தன் இசைக் கையெழுத்துப் பிரதிகளில் மேலே ‘இயேசுவே, உதவும்’ என்றும் கீழே ‘தேவனுக்கே மகிமை’ என்றும் சுருக்கமாகக் குறித்திருக்கிறார் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அது நம் பிள்ளையார் சுழி மாதிரி. பிள்ளையார் சுழி போட்டு எழுதியவர்களை எல்லாம் பக்திமான் என்று சொல்லிவிட முடியுமா?

என்னை நம்ப வைத்தது ஒரு பணக் கடிதம். 1730 அக்டோபரில், தான் வேலை பார்த்த லைப்சிக் நகரத்திலிருந்து பள்ளித் தோழர் ஏர்ட்மானுக்கு வேறு வேலை கேட்டு எழுதியது. வருமானம் 700 தாலர் (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) அளவில் வருகிறது, ஆனால் இந்த ஊரில் விலைவாசி தாங்கவில்லை என்கிறார். அடக்கங்கள் கூடினால் வரும்படி கூடும், ஊரில் ஆரோக்கியமான காற்று வீசினால் குறைந்துவிடும். போன வருஷம் அப்படி நூறு தாலருக்கு மேல் போய்விட்டது என்கிறார். சாவு வீட்டுப் பாட்டுக்கு வரும் காசு அது. ஊர் ஆரோக்கியமாக இருந்ததால் நஷ்டம் என்று ஒளிக்காமல் எழுதுகிறவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அதே கடிதத்தின் கடைசியில், யாரும் கேட்காமலே, பிள்ளைகளைப் பற்றித் தொடங்குகிறார். யார் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், மனைவிக்கு நல்ல சுத்தமான குரல், மூத்த மகளும் சுமாராகச் சேர்ந்து பாடுவாள், வீட்டு ஆட்களை வைத்தே ஒரு கச்சேரி நடத்திவிடலாம். வேலை கேட்டு எழுதுகிற கடிதத்தில் இதற்கு என்ன வேலை? பெருமை அடக்க முடியாமல் வழிந்திருக்கிறது.

இந்த மனிதர் பத்து வயது நிறைவதற்குள் அம்மாவையும் அப்பாவையும் இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். 1720-ல், அப்போது தான் வேலை பார்த்த பிரபுவோடு கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குப் போய்த் திரும்பினால், புறப்படும்போது நன்றாக இருந்த மனைவி மரியா பார்பரா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. வீட்டில் நாலு பிள்ளைகள். அடுத்த வருஷம் பாடகியான அன்னா மக்தலேனாவை மணந்தார். இரண்டு மனைவியரிலுமாகப் பிறந்தவை இருபது, வளர்ந்து ஆளானவை பத்து.

அவர் வீட்டில் சில வருஷம் எலியாஸ் என்று ஓர் உறவுக்காரர் தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, பாக்குக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அவருடைய கடிதங்களை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. அன்னா மக்தலேனாவுக்குத் தோட்டத்தில் ஆசை என்று மஞ்சள் கார்னேஷன் செடிக்கு எழுதிப் போடுகிறார். 1740-ல் இன்னொன்று: பாக் ஹாலே நகரத்துக்குப் போனபோது ஒருவர் வீட்டில் நன்றாகப் பாடும் குருவியைக் கேட்டுவிட்டு வந்து மனைவியிடம் சொல்லியிருக்கிறார், அந்தம்மாவுக்குப் பாட்டுக் குருவி என்றால் கொள்ளை ஆசை, விலைக்குக் கொடுப்பீர்களா என்று விசாரிக்கிறார். (தரங்கம்பாடிக்குப் பாதிரிமார்களை அனுப்பிக்கொண்டிருந்த அதே ஹாலேதான். உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும்.) ஆறு கார்னேஷன் செடி வந்து சேர்ந்ததும் நன்றிக் கடிதம் போகிறது. கிறிஸ்துமஸ் பரிசு கிடைத்த பிள்ளைகளைவிட அன்னா மக்தலேனாவுக்குச் சந்தோஷம், ஒன்றுகூட வாடிவிடாமல் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார் என்று எலியாஸ் எழுதுகிறார். உபசாரத்துக்கு எழுதிய வரியாக இருக்கலாம். ஆனால் 1726-லிருந்து 1733-க்குள் அந்தத் தாய் ஏழு குழந்தைகளை அடக்கம் செய்தவர் என்று தெரிந்தபின் அந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடிவதில்லை.

சரி, உங்கள் அண்ணன் விஷயம். பாக்குக்கும் அப்படி ஒரு மகன் இருந்தான். காட்ஃப்ரீட் பெர்ன்ஹார்ட். அப்பா சிபாரிசில் ஒரு ஊரில் ஆர்கன் வேலை, அங்கே கடன், அதை அப்பா அடைத்தார். சாங்கர்ஹவுசன் என்ற ஊரில் இரண்டாவது வேலை, மறுபடி கடன், 1738-ல் யாரிடமும் சொல்லாமல் ஆள் காணாமல் போனான். கடன்காரர்கள் கேட்டபோது பாக் எழுதிய பதில் இருக்கிறது. மகன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை, புத்தி சொல்லியாயிற்று, அன்பாகவும் பார்த்தாயிற்று, இனி இந்தச் சிலுவையைப் பொறுமையாகச் சுமந்து அவனைத் தேவனுடைய இரக்கத்தில் விட்டுவிட வேண்டியதுதான் என்கிறார். அதே கடிதத்தில், கடன் நிஜம் என்று நிரூபணமாகாமல் பணம் தரமாட்டேன் என்றும் கறாராகச் சொல்லிவிடுகிறார். கோபமும் அழுகையும் கணக்கும் ஒரே தாளில் இருக்கின்றன. மறு வருஷம் யேனாவில் அந்தப் பையன் 24 வயதில் இறந்துபோனான். அப்பாவும் மகனும் அதற்குள் பார்த்துக்கொண்டதாக ஒரு காகிதமும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். 1750-ல் பாக் உயில் எழுதாமல் இறந்தார். பத்து வருஷம் கழித்து அன்னா மக்தலேனா இறந்தபோது தர்மப் பணத்தில் வாழ்கிற விதவையாகப் பதிவேட்டில் எழுதினார்கள். இத்தனை கணக்குப் பார்த்தவர் அதை எப்படி விட்டார் என்று எனக்கு அவர் மேல் கோபம் உண்டு.

வசனம் இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பாக்கின் வேதாகமம், விளக்கவுரையோடு சேர்ந்த மூன்று பெரிய தொகுதி, இன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து இறையியல் கல்லூரியில் இருக்கிறது. ஓரங்களில் அவர் கைக்குறிப்புகள். பக்தியோடு இசைக்கும் இடத்தில் தேவன் கிருபையோடு இருக்கிறார் என்பது அதில் எல்லோரும் சொல்லும் குறிப்பு. எனக்கு அதைவிட நெருக்கமானது வேறொன்று. 1720 ஜனவரியில், ஒன்பது வயது மூத்த மகனுக்கு என்று ஒரு பாட நோட்டுத் தொடங்குகிறார். முதல் பயிற்சியின் தலைப்பில் ‘இயேசுவின் நாமத்தில்’ என்று இருக்கிறது. அதன் கீழே ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரலை வைக்க வேண்டும் என்று 1, 2, 3, 4, 5 எண்கள்.

உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். அந்த மூன்று அடைமொழியையும் எடுத்துவிடுங்கள். ஆர்கன் வாசிக்கும் போட்டோ நிச்சயம் ஒன்று இருக்கும், அது அட்டைக்கு. உள்ளே அந்தக் கடைசித் தாளை அப்படியே ஸ்கேன் எடுத்துப் போடுங்கள். ஃபீஸ் கணக்கில் அண்ணன் பெயரும் இருக்கும் இல்லையா? எந்த வருஷம் வரை கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தாளை முதலில் அண்ணனுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.