ஐன் தாரா போர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லெபனான் பற்றிய கட்டுரையில் 1711-இன் ஐன் தாரா போரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அது, இஸ்லாத்திலிருந்து கிளைத்த துரூஸ் சமயத்தாருக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த சண்டையா? இரண்டு தரப்பும் துரூஸ்தான் என்றால் எதற்காக அடித்துக்கொண்டார்கள்? ஓர் இரவுச் சண்டையால் ஒரு மலைநாட்டின் மக்கள்தொகையே மாறியது என்பது மிகையாக இல்லையா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மதச்சண்டை இல்லை. மோதிய இரண்டு அணிகளான கைஸி, யமனி என்பவை பழைய அரபுக் குலப்பிரிவுகள். 1711-இல் அவை கட்சிப் பெயர்களாக மட்டுமே மிஞ்சியிருந்தன. கைஸி அணிக்குத் தலைமை தாங்கிய அமீர் ஹைதர் ஷிஹாப் துரூஸே அல்ல, சுன்னி. அவர் விரட்டப்பட்டபோது அடைக்கலம் தந்தவர்கள் கஸீர் ஊரின் மரோனைட் கிறிஸ்தவ ஷேக்குகள்.

சண்டை வரிக் குத்தகைக்காக, அதாவது வரி வசூலிக்கும் உரிமைக்காக. உதுமானியர் மலையை நேரடியாக ஆளவில்லை. சீதோனின் உதுமானிய ஆளுநரான பாஷா யாருக்குக் குத்தகை தருகிறாரோ அவரே மலைக்கு எஜமான். 1697-இல், குத்தகையை வைத்திருந்த அமீர் அகமது மான் ஆண்வாரிசு இல்லாமல் இறந்ததும் அந்த உரிமை உறவுமுறையில் ஷிஹாப்களுக்கு வந்தது. தெற்கே ஜபல் ஆமிலில் வசூலுக்கு மஹ்மூத் அபூ ஹர்மூஷை ஹைதர் அமர்த்தினார். பணத்துக்குக் கணக்குக் கேட்டதும் அவர் சீதோனுக்கு ஓடி, பாஷாவின் படையோடு திரும்பி வந்தார். யமனித் தலைவர்களான அலமுத்தீன் அமீர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஹைதர் வடக்கே ஹெர்மல் வரை ஓட வேண்டியதாயிற்று.

பிறகு ஹைதர் மலையூரான ரஸ் அல்-மத்னுக்குத் திரும்பி, அபில்லமா குடும்பத்தின் துணையோடு ஆள் திரட்டினார். அவரை நசுக்க மூன்று படைகள்: பெய்ரூத் பக்கம் சீதோன் பாஷா, பெக்கா சமவெளியில் கப் இலியாஸில் டமாஸ்கஸ் பாஷா, நடுவே ஐன் தாராவில் அபூ ஹர்மூஷ். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்றும் சேரும் வரை எதிரி சும்மா இருந்தால். கப் இலியாஸுக்கும் ஐன் தாராவுக்கும் நடுவே மலைமுகடு. பெய்ரூத்திலிருந்து வருவதென்றால் ஏற்றம். காத்திருந்த மூவரில் ரஸ் அல்-மத்னுக்கு மிக அருகில் இருந்தவர் அபூ ஹர்மூஷ்தான். மார்ச் மாத இரவொன்றில் ஹைதர் ஐன் தாராவுக்குள் புகுந்தார். பாஷாக்கள் வந்து சேரவேயில்லை. செய்தி கேட்டு இருவரும் திரும்பிவிட்டார்கள். வீரத்தைவிட இந்த நேரக்கணக்கே வென்றது என்பது என் கணிப்பு.

ஏழு அலமுத்தீன் அமீர்களில் மூவர் சண்டையில் மடிந்தார்கள். பிடிபட்ட நால்வருக்கும் மரண தண்டனை. வம்சமே அற்றுப்போயிற்று. அபூ ஹர்மூஷை மட்டும் ஹைதர் கொல்லவில்லை. அவரிடம் பாஷா பட்டம் இருந்தது. கொன்றால் சுல்தானுக்கு எதிரான கலகமாகிவிடும். நாக்கையும் கட்டைவிரல்களையும் வெட்டி விட்டுவிட்டார்கள். கொடூரம்தான், ஆனால் சட்டம் பார்த்துச் செய்த கொடூரம்.

மக்கள்தொகை பற்றிய உங்கள் ஐயம் பாதி சரி. மாற்றத்தைச் செய்தது அந்த இரவு அல்ல, அதற்குப் பின் நடந்த பங்கீடு. அபில்லமாக்கள் அமீர்களாக உயர்ந்து மத்ன் வட்டாரத்தைப் பெற்றார்கள். தல்ஹூக், அப்துல் மலிக் குடும்பத்தினர் ஷேக்குகளாகி மேல் கர்ப், ஜுர்த் வட்டாரங்களைப் பெற, யமனிப் பக்கம் சாய்ந்திருந்த அர்ஸ்லான்கள் கீழ் கர்போடு நின்றார்கள். நிலம் கைமாறிய பிறகு யமனி துரூஸ்கள் அங்கே எப்படி இருப்பார்கள்? பெருந்தொகையாக ஹவ்ரானுக்கு, இன்றைய சிரியாவின் சுவைதா பக்கம், குடிபெயர்ந்தார்கள். சிறிய அளவில் முன்பே தொடங்கிய குடிபெயர்வுதான் அது. காலியான ஊர்களில் வடக்கிலிருந்து மரோனைட் விவசாயிகள் வந்து குடியேறினார்கள்.

எதிரி ஒழிந்ததும் கைஸிகளாவது ஒற்றுமையாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. அதே நூற்றாண்டிலேயே ஜும்பலாத்தி, யஸ்பக்கி என்று இரண்டாகப் பிரிந்தார்கள்.